மூத்தாள்

“இறுக்காத. இன்னைக்கு எல்லாம் மெதுவான பாட்டுதான்” என்றார் கணவர். அவருடைய நடுவிரலில் பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட உள்ளே போனாள். காலரை முடித்துக்கொண்டு வந்தபோது நாற்காலியில் தலை சாய்ந்திருந்தார். கூப்பிட்டாள். பிறகு தொட்டாள்.

டாக்டர் வந்து போனதும் கொழுந்தன் கூடத்தை ஒழித்துக் கட்டிலைப் போட்டான். அவரைக் கிடத்தினார்கள். மூலையில் ஆள் உயரத்துக்கு நின்ற அவருடைய தந்தி வாத்தியத்தை, டபுள் பேஸை, எங்கே நகர்த்துவதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமான வாரமே அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்தவள் அவள். வெயில் தாழ்ந்தால் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்கு ஜாஸ் வாசிக்கப் போய்விடுவார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருநாளும் இருட்டுவதைப் பார்த்ததில்லை.

“பொழுது சாயறப்ப வாசிக்கிறது வீட்டுக்குப் போறவனுக்கு. ராத்திரி வாசிக்கிறது போக மனசில்லாதவனுக்கு” என்பார்.

“வீட்டுல இருக்கறவளுக்கு?” என்று கேட்டால் சிரிப்பார்.

வந்தவர்கள் அதை இடித்துக்கொண்டே இருந்தார்கள். இடித்தபோதெல்லாம் தடித்த தந்தி ‘ம்ம்’ என்றது. அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எரியாத அடுப்பைப் போய் அணைத்தாள். வந்தாள். மறுபடி போனாள்.

ஜன்னல் மங்கும் நேரத்தில் அவருடைய குழுவின் பியானோக்காரர் மேடைக்கான கறுப்புக் கோட்டோடு வந்தார். கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசிக்க வேறு ஆள் கிடைத்துவிட்டார், கருவிதான் இல்லை, இன்று மேடை காலியாக இருந்தால் குழுவையே மாற்றிவிடுவார்கள் என்பதை அவளிடம் மென்று விழுங்கிச் சொன்னார்.

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணன் இங்க இப்படி இருக்காரு. அதுக்குள்ள சாமானத் தூக்க வந்துட்டீங்களா?”

“அண்ணி வேணாம்னு சொன்னா போயிடறேன்” என்றார் பியானோக்காரர்.

அவள் மூலைக்குப் போனாள். எல்லாத் தந்திகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

“மூத்தாள் வேலைக்குப் போகட்டும்” என்றாள். “இன்னைக்கு இவரு வீட்டுல இருக்காரு.”

யாரோ சுவிட்சைத் தேடினார்கள். விளக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள்.

பியானோக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொழுந்தன் மறுபக்கம் பிடித்தான். அவர்கள் வாசலை நெருங்கியதும், தினமும் சொல்வதுபோல, “பாத்து” என்றாள்.

வாசல் நிலையில், இடித்து இடித்துப் பெயிண்ட் உதிர்ந்திருந்த அதே இடத்தில் இடித்தது.