பெக்துர் எங்கே?

மகள் மீரிம் நடக்கத் தொடங்கிவிட்டாள். கால்கயிறு அறுக்கும் விருந்துக்கு மலையடிவாரத்துச் சனமெல்லாம் வந்து இறங்கியிருந்தது. குழந்தையின் அப்பா ஜோல்தோஷ் மட்டும் ஊற்றிய தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான்.

கருப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றைக் குழந்தையின் கணுக்கால்களில் கட்டுவார்கள். தூரத்திலிருந்து பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் வந்து சேர்கிற பிள்ளை கையில் கத்தியைக் கொடுத்து அறுக்கச் சொல்வார்கள். அறுக்கிற கையின் குணம் குழந்தைக்கு வரும். இதை நம்பாதவர்கள்கூட அந்த நேரத்தில் வாயைத் திறப்பதில்லை.

மூத்தவன் பெக்துருக்கு இதே விருந்து நடந்தபோது ஜெயித்து வந்தது, மூக்கொழுகிக்கொண்டிருந்த ஒரு மேய்ப்பன் மகள். "ஐயே, இவளா என் தங்கத்தோட காலைத் தொடுறது?" என்று கத்தியைப் பிடுங்கி, பெற்றவள் புருல் தானே அறுத்துவிட்டாள்.

அதன்பிறகு கேட்பானேன்! "உன்னை மாதிரி உலகத்துல எவனும் பொறக்கல" என்று பாலோடு சேர்த்துப் புகட்டினாள். விளையாட வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, அவனிடம் தோற்கச் சொன்னாள். ஜோல்தோஷ் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரே ஒரு தடவை பெக்துர் பள்ளிப் போட்டியில் இரண்டாவதாக வந்தான். அன்று சாப்பிட உட்கார்ந்தால், அவனுக்குத் தட்டே வைத்திருக்கவில்லை. "அட, மறந்தே போச்சு" என்றாள் புருல். வேண்டுமென்று செய்திருந்தாலாவது ஜோல்தோஷ் சண்டை போட்டிருப்பான். அவள் நிஜமாகவே மறந்திருந்தாள்.

அதற்கப்புறம் பையன் கண்ணாடி முன்னாலேயே கிடந்தான். "பாருங்க, என் ராசா அழகு பாக்குறான்" என்று அவள் பூரித்தாள். அழகாவது மண்ணாவது! பெக்துர் கண்ணாடியை விட்டுச் சட்டென்று விலகுவான். பிறகு மெல்லத் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பான். தன் உருவம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறான் என்பது ஜோல்தோஷுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அண்ணன் பார்வை பட்டால் மீரிம் நடையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். அழவும் மாட்டாள்.

விருந்தன்று காலையில் பெக்துர் புதுத் தொப்பியோடு வந்து நின்றான்.

"அப்பா, இன்னிக்கு நான்தான் ஜெயிப்பேன். கயித்தை நான் அறுத்துட்டா தங்கச்சியும் நான் ஆயிடுவா. அப்புறம் யாரைப் பாத்தாலும் என்னைத்தான் பாக்கணும்."

குரல் அவனுடையது, ராகம் அப்படியே புருலுடையது. இன்னொரு பிள்ளையும் இப்படி ஆகக் கூடாது, இன்றைக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று ஜோல்தோஷ் நினைத்துக்கொண்டான்.

புருல் ஓடப்போகும் பிள்ளைகளுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்து முடித்திருந்தாள். அவள் நகர்ந்ததும் ஜோல்தோஷ் போய்க் குனிந்தான்.

"சாக்லேட்டைத் தின்னுங்க. ஆனா ஒழுங்கா ஓடுங்க."

பின்னால் நின்ற அவன் அக்கா பாத்மா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "அடேயப்பா, என் தம்பிக்கு முதுகெலும்பு முளைச்சிருச்சே! பொண்டாட்டி கேட்டா என்னடா சொல்லுவே?"

"கேக்கட்டும்க்கா."

பிள்ளைகள் பாய்ந்தார்கள். பெக்துர் அவசரமே இல்லாமல், சிரித்த முகமாய், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினான். பக்கத்து வீட்டு அஸேல் அவனைத் தாண்டினாள். பிறகு ஒருவன், இன்னொருவன். அஸேல் வாயோரத்தில் சாக்லேட்டோடு கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்தாள். மீரிம் எழுந்து, தள்ளாடி, நேராக அவளிடம் நடந்தாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

பெக்துர் வீறிட்டு அழுவான் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. ஒரு கணத்தில் அவர்களும் அவனை மறந்துபோனார்கள்.

ஜோல்தோஷ் மட்டும் திரும்பிப் பார்த்தான். பையன் புல்லில் உட்கார்ந்து, அறுந்து கிடந்த கயிற்றை எடுத்துத் தன் கணுக்கால்களில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை. ஆட்கள் காலிசெய்துபோன வீடு மாதிரி இருந்தது.

"பெக்துர் எங்க?" புருல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "பெக்துரைப் பாத்தீங்களா? என் புள்ளை எங்க?"

அவன் அவள் காலடியில் இருந்தான். "அம்மா" என்றான். அவள் கண்கள் அவன் மேல் பட்டு, நிற்காமல் வழுக்கிப் போயின. பாவாடை அவன் தொப்பியை உரசித் தள்ளிவிட்டது. அவள் அவனைச் சுற்றி நடந்து, அவன் பெயரையே கூவிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள்.

"அப்பா." உதடு மட்டும் அசைந்தது. "யாரும் பாக்கலேன்னா நான் இருக்கேனா?"

ஜோல்தோஷ் அப்படியே மண்டியிட்டான். மகனின் கால் பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது. கத்தியைத் தேடவில்லை, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தான். எத்தனை வருஷமாய்ச் செய்யாமல் விட்ட வேலை.

"இருக்கேடா. இங்கதான் இருக்கே. தோத்துட்டு இருக்கே, அவ்வளவுதான்."

பெக்துர் அவன் முகத்தையே வெறித்தான். பிறகு வாய் கோணிற்று. மூக்கு ஒழுக, எல்லாப் பிள்ளைகளையும் போல அசிங்கமாக, ஓவென்று அழுதான். ஜோல்தோஷ் அவனை இறுகக் கட்டிக்கொண்டான்.

கொட்டகைப் பக்கமிருந்து புருலின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது. "பெக்துர்! எங்கடா போயிட்டே, பெக்துர்?"