ஊசி போட்ட பின் அரை மணி நேரம்

அன்று காலை, கோடை மேய்ச்சலுக்காக நாங்கள் கூடாரம் அடித்திருந்த சோங்-கோல் மலை ஏரியின் மேல் மேகம் படுத்துக் கிடந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மேய்ந்துகொண்டிருந்த குதிரைகளுக்குக் கால்களே இல்லாததுபோல் இருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்துதான் நர்ஸ் சாதாத் வந்தாள். என் கணவர் குபாத்தின் குதிரையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, தடுப்பூசிப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் வரப்போவது எனக்குத் தெரியும். வழி தவறிப் போய்விடட்டும் என்றுகூட நினைத்தேன்.

வசந்தத்தில், நூருஸ் புத்தாண்டுப் பண்டிகையன்று, என் மகள் பெர்மெத் முதல்முறையாக அவித்த முட்டை தின்றாள். விரல்நுனி அளவுத் துண்டுதான். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. கண்கள் மூடிக்கொண்டன. மூச்சு விசில் சத்தத்தோடு வந்தது. பனி உருகிய பாதையில் குபாத் காரைப் பறக்கவிட்டார். ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்க வைத்தார்கள். வயதான டாக்டர் ஒருவர், "அலர்ஜி உள்ள குழந்தை. தட்டம்மை ஊசி வேண்டாம்" என்று விலக்குக் கொடுத்தார். எங்கள் பக்கம் அது சாதாரணம். தோல் சிவந்தாலும் விலக்கு, மூக்கு ஒழுகினாலும் விலக்கு. எனக்கு அது தாயத்து கட்டியதுபோல் நிம்மதியாக இருந்தது.

இப்போது எதிர்க்கரைக் கூடாரங்களில் தட்டம்மை வந்திருந்தது. அங்கே ஒரு குழந்தையை மூச்சுத் திணறலோடு ஊருக்கு இறக்கியிருந்தார்கள்.

"ஊசி போட்டா என்ன ஆகும்னு பயப்படறே. போடலேன்னா என்ன ஆகும்னு நான் பயப்படறேன்" என்று முந்தைய நாள் பால் கறக்கும்போது குபாத் சொன்னார். நான் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சாதாத் கூடாரத்துக்குள் வந்து, விருந்தாளிகள் முதலில் செய்வதுபோல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் அவளுக்கு அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றினேன். எங்கள் வழக்கத்தில் கிண்ணத்தை நிரப்பினால் கிளம்பு என்று அர்த்தம். ஊசி வேண்டாம் என்று நினைத்தேனே தவிர, இவள் போய்விட வேண்டும் என்று என் கை நினைக்கவில்லை போலிருக்கிறது.

"பெகிமாய் அக்கா, முட்டை தின்னப்போ என்னென்ன ஆச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன்.

"ஜெல்லி மிட்டாய் சாப்பிட்டிருக்காளா?"

"அவ அத்தை குடுத்துக் குடுத்துத்தான் கெடுக்கறா. ஒண்ணும் ஆகலை."

"நான் என்ன கெடுத்தேன்?" என்றாள் அடுப்படியிலிருந்து அனார், குபாத்தின் அக்கா. "உன் புருஷனையும் நான்தான் மிட்டாய் குடுத்து வளர்த்தேன். எப்படி இருக்கான் பாரு, எருது மாதிரி."

சாதாத் சிரிக்காமல் தொடர்ந்தாள். முன்பு போட்ட ஊசிகளுக்கு ஏதாவது வந்ததா, இழுப்பு உண்டா, இப்போது காய்ச்சல் உண்டா என்று கேட்டாள். பிறகு என் முழங்காலில் கை வைத்தாள்.

"அக்கா, இந்த ஊசிக்கு முட்டை அலர்ஜி தடையில்லை. இதுல முட்டைச் சத்து இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாத அளவுதான். ஜெல்லி மிட்டாய்ல இருக்கற ஜெலட்டின் இதுலயும் உண்டு, அதான் அதைக் கேட்டேன். நகரத்து அலர்ஜி டாக்டர்கிட்ட உங்க பொண்ணைப் பத்திப் போன்ல கேட்டுட்டுத்தான் மலையேறினேன். ஆனா எந்த ஊசிக்கும் லட்சத்துல ஒருத்தருக்கு ஏதாவது வரலாம். அப்படி வந்தா குடுக்கற மருந்து இதோ." சின்னக் கண்ணாடிக் குப்பியையும் ஊசியையும் எங்கள் கண் முன்னால் துணிமேல் வைத்தாள். "அரை மணி நேரம் நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அவளுக்குப் புதுசா எதுவும் குடுக்காதீங்க. மத்தபடி எப்பவும்போல இருங்க."

குபாத்தைப் பார்த்தேன். அவர் வற்புறுத்தவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு கதவருகே நின்றார். என் பதிலுக்காக ஒரு மனிதர் இவ்வளவு பயத்தோடு காத்திருந்து நான் பார்த்ததில்லை, அவர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்ட நாளைத் தவிர.

"போடு" என்றேன்.

பெர்மெத் ஒரு தடவை வீறிட்டாள். பிறகு என் மார்பில் முகம் புதைத்து விக்கினாள். பிறகு அதுவும் அடங்கியது.

நேரம் எங்கேயோ போய் நின்றுவிட்டது. வெளியே தூறல் விழுந்தது. கூடார உச்சியில் புகை போகும் கூரைத் துளையைக் குபாத் மூடியபின் உள்ளே பால்நிற இருட்டு. சுவரில் தொங்கிய கம்பளத்தின் சிவப்புப் பூக்கள் மூச்சு விடுவதுபோல் தெரிந்தன. நான் மகளின் உதட்டைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், மறுபடி உதட்டைப் பார்த்தேன். பிறந்த அன்றுகூட அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மேல் உதட்டில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அது எனக்குத் தெரியவே தெரியாது.

அப்போது பெர்மெத் இருமினாள்.

மறுபடி இருமினாள். கண்கள் சிவந்து நீர் கொட்டியது. நூருஸ் அன்று பார்த்த அதே முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"சாதாத்!"

அவள் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டாள். மறு கையால் பெர்மெத்தின் சட்டையைத் தூக்கினாள். வயிற்றில் தடிப்பு இல்லை. உதடு வீங்கவில்லை. மார்பில் காது வைத்துக் கேட்டாள். அவள் முகத்தையே பார்த்தேன். அவளும் இருமினாள். அவள் கண்ணிலும் நீர்.

"உங்களுக்கும் எரியுதா அக்கா?"

எரிந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அனார் எங்கள் முதுகுக்குப் பின்னால் அர்ச்சா மரச் சுள்ளிகளைச் சட்டியில் புகைத்து, முணுமுணுத்துக்கொண்டே குழந்தையின் தலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பயந்து அழுதால் கண்ணேறு போகப் புகை காட்டுவோம். எங்களுக்கு அது அன்றாட வழக்கம். அந்த வாசனை மூக்குக்குப் பழகிப்போனதால் எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. கூரை வேறு மூடியிருந்தது.

"வெளியே!" என்றாள் சாதாத்.

தூறலில் நின்றோம். குபாத் தன் மேலங்கியை எங்கள் மூவருக்கும் மேல் விரித்துப் பிடித்தார். சாதாத் ஊசியைக் கையை விட்டு இறக்காமல் பெர்மெத்தின் மூச்சையே கவனித்தாள். ஈரக் காற்று. ஒரு இருமல். இன்னொன்று, சின்னதாக. அப்புறம் எதுவும் இல்லை. என் மகள் மேகத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"மூச்சு சுத்தமா இருக்கு. புகைதான்" என்றாள் சாதாத். அப்புறம்தான் ஊசிக்கு மூடி போட்டாள். "ஆனா நான் போகலை. இப்பலேர்ந்து இன்னொரு அரை மணி."

அனார் சட்டியோடு வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "புதுசா எதுவும் குடுக்காதேன்னுதானே சொன்னா? இது பழசுதானே!"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. குபாத் தன் அக்காவின் கண்ணெதிரிலேயே என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். எங்களில் யாரும் பெரியவர்கள் முன் அப்படிச் செய்வதில்லை.

"அடேய், வெட்கங்கெட்டவனே!" என்றாள் அனார். திட்டிவிட்டுத் தன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

அந்த இரண்டாவது அரை மணி நேரம் எனக்குக் கனவுபோலத்தான் கழிந்தது. பெர்மெத் என் மடியில் தூங்கினாள். அவள் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டே, ஏரிக்கரையில் அடுத்திருந்த கூடாரத்தை நினைத்தேன். அங்கே சைராவின் மகனுக்கும் தோல் சிவந்ததற்கு விலக்கு. அவளும் இப்போது மேகத்துக்குள் உட்கார்ந்து, நர்ஸ் வழி தவறட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

"சைராகிட்ட போயிட்டு வாங்க" என்றேன் குபாத்திடம்.

"போய் என்ன சொல்லட்டும்?"

"பையனைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. சாதாத் கேக்கறதைக் கேக்கட்டும், அப்புறம் அவ முடிவு. பயமா இருக்குன்னு சொல்லுவா. அந்த அரை மணியும் நான் அவ பக்கத்துலயே உக்காந்திருப்பேன்னு சொல்லுங்க."

அவர் சேணத்தை இறுக்கிக்கொண்டு ஏறினார். குதிரை வெண்மைக்குள் போனது. கொஞ்ச தூரம் வரை குளம்புச் சத்தம் கேட்டது.