சீசாவில் விளைந்த குரக்கன்

குழாயில் நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்த அந்த யூலை மாதம், இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் கூரையில் குரக்கன், அதாவது கேழ்வரகு, முளைத்து, மூன்றே நாளில் கதிர் தள்ளியது. அங்கே மண் இல்லை, வெறும் சீமெந்துத் தளம். மன்னாரிலிருந்து தங்கச்சி அனுப்பிய குரக்கனைக் கழுவி அங்கே காயப்போட்டவள் மூன்றாம் மாடி எமிலியானா. அள்ளப் போனபோது மணிகள் வேர்விட்டிருந்தன. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. குந்தியிருந்து அழுதாள். மகள் றம்யாவுக்குக் கோதுமை ஆகாது என்று டொக்டர் சொல்லி ஐந்து மாதம். பாணும் பாஸ்தாவும் நின்றுபோன ஒன்பது வயதுப் பிள்ளை, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பி, ஈர்க்காக மெலிந்திருந்தாள்; அவளுக்காகத்தான் அந்தக் குரக்கன்.

அறுக்க அறுக்க விளைந்தது. காலையில் கஞ்சி, பின்னேரம் தேங்காய்ப்பூ ரொட்டி, ஞாயிறு பூசை முடிந்து வந்தால் புட்டு. றம்யா புட்டுக்குள் றிக்கோத்தாப் பாற்கட்டியைப் பிசைந்து தின்றாள். ஓகஸ்ட் முடியுமுன் கன்னத்தில் சதை பிடித்தது. கட்டடத்தில் எவர் பசித்திருந்தாலும் அவர் ஜன்னலுக்குள் குரக்கன் தண்டு நீளும். வேலை இழந்திருந்த மொரீசியஸ்காரர் செட்ரிக்கின் குசினிக்குள் நீண்ட தண்டு, அவருக்கு வேலை கிடைத்த அன்றே திரும்பிப் போனது.

செப்டெம்பரில் கட்டட நிர்வாகி கல்தெரோனே இரண்டு ஆட்களோடும் அரிவாள்களோடும் வந்தார். கூரை வெடிக்கும், இன்றே வெட்ட வேண்டும் என்றார். எமிலியானா குறுக்கே நின்றாள். வீட்டைவிட்டு எழுப்பினால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும் சிக்கலாகும் என்று தெரியும். ஆனாலும் நகரவில்லை. அப்போது கூரையிலிருந்த கதிர்கள் அத்தனையும் கல்தெரோனேயின் பக்கம் சாய்ந்தன. ஒன்று அவருடைய கோட்டுப் பைக்குள் நுழைந்தது.

"அம்மா, சின்யோர் சாப்பிடேல்லைப் போல," என்றாள் றம்யா.

"எப்ப துவக்கம் சாப்பிடேல்லையெண்டு கேள், பிள்ளை."

றம்யா இத்தாலியனில் கேட்டாள். கல்தெரோனே நிலத்தைப் பார்த்தபடி, ஏப்ரலில் மனைவி இறந்ததிலிருந்து என்றார்.

"அப்ப உள்ளுக்கு வரச் சொல்லு. ரொட்டி சுடுறன். மற்ற ரெண்டு பேரையும் கூப்பிடு."

அவர் நான்கு ரொட்டி சாப்பிட்டார். ஐந்தாவதைப் பாதியில் வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டார். எமிலியானா தேத்தண்ணி ஊற்றினாள்.

ஒக்டோபரில் குடியிருப்போர் கூட்டம் கூடியது. கூரையில் வெடிப்பில்லை என்று பொறியியலாளர் எழுதியிருந்தார். வியாழக்கிழமை தோறும் அறுவடைக்குக் கூரையை ஒதுக்கிக் கொடுப்பது, தண்டு வீட்டுக்குள் வந்தால் வெட்டாமல் சாப்பாட்டுக் கோப்பையோடு மூன்றாம் மாடிக்குப் போவது என்ற தீர்மானத்தைக் கல்தெரோனே வாசித்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். பிறகு லிஃப்ட் திருத்துவதைப் பற்றி ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள்.