வெளிறிய மையில் அண்ணன் பெயர்

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அது என் வீட்டுக்காரர் நோரியோவுக்கென்றே சொன்னது. முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சொட்டு வீணானால் பொறுக்க மாட்டார். அந்தக் குணம் பிரிண்டர் வரைக்கும் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

டிசம்பர் இருபத்து நான்கு. கிறிஸ்துமஸ் கோழிக்கு ஊரே வரிசையில் நிற்கும் நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு சூப்பர் மார்க்கெட் அடுப்படி வேலைக்குப் போனவள், எண்ணெய் நாற்றத்தோடு வீடு திரும்பும்போது மணி மூன்று. மேசை மேல் ஒரு புத்தாண்டு அட்டை கிடந்தது. ஒரு பக்கம் வரப்போகும் குதிரை வருடத்துக்கான சிவப்புக் குதிரை, அதன் கீழே நான் கையால் எழுதிய வரி. திருப்பினேன். அடுத்த தெரு குருயாவின் பெயரும் முகவரியும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"என்னங்க இது?"

"அதுவா, கோணலாப் போயிடுச்சு. அது ஒண்ணுதான் வேஸ்ட். வேற எடுத்து அடிச்சிட்டேன்."

"கோணலை யாரு கேட்டா? கறுப்பு எங்க?"

"இது கறுப்பு இல்லாம என்ன?" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "கொஞ்சம் வெளுப்பு. வெளி இங்க் வாங்கிப் போட்டேன். கினு, கம்பெனி இங்க் ஒரு செட் ஏழாயிரம் யென். இது ஆயிரத்து ஐந்நூறு. ஒரு கறுப்பு இலவசம் வேற. பிரிண்டர் கூட கேட்டுச்சு, இது அசல் இல்ல, தொடரலாமான்னு. தொடருன்னு அமுக்கிட்டேன்."

"பிரிண்டருக்கு இருக்கிற புத்தி கூட உங்களுக்கு இல்லாமப் போச்சே. வெளுப்பு மையில எதுக்குங்க பேர் எழுதுவாங்க?"

அப்போதுதான் அவர் முகம் மாறியது. சாவு வீட்டில் கொடுக்கும் பண உறையில்தான் நாங்கள் வெளிறிய மையில் பெயர் எழுதுவோம். கண்ணீர் விழுந்து மை கரைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதற்கென்றே வெளிறிய மை ஊற்றிய தூரிகைப் பேனா கடையில் தனியாக விற்கிறது. அந்த நிறத்தில் ஒருவருக்குப் புத்தாண்டு வாழ்த்து போவது, நல்ல நாளும் அதுவுமாக வாசலில் பாடையைக் கொண்டுவந்து இறக்குகிற மாதிரி.

"மிச்சம் எங்க?"

"போஸ்ட் பண்ணிட்டேன். ரெண்டு மணிக்கே, ஸ்டேஷன் பெட்டியில. இருபத்தஞ்சுக்குள்ள போட்டாத்தானே ஒண்ணாம் தேதி கிடைக்கும்."

எனக்கு நினைவு வந்த பெயர் ஒன்றே ஒன்று, என் அண்ணன் இசாமு.

மலைக்கு அந்தப் பக்கம், நாகஓகா ஊரில் இருக்கிறான். ஆறு வருடமாகப் பேச்சில்லை. அம்மாவின் ஏழாம் வருடத் திதியில், உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எத்தனை தடவை வந்தாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டது நியாயம்தான். கேட்ட இடம் தப்பு. நுணலும் தன் வாயால் கெடும். அன்றிலிருந்து வருடத்துக்கு ஓர் அட்டை அவன் போடுவான், ஓர் அட்டை நான் போடுவேன். அச்சடித்த வாழ்த்து மட்டும்தான். கையால் ஒரு வரி கூட இரண்டு பேரும் எழுதியதில்லை. நவம்பரில் அவனுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது என்று அத்தை மகள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் இந்த வருடம் குதிரையின் கீழே பேனாவால் எழுதினேன்: 'வசந்தத்தில் உன்னைப் பார்க்க வரட்டுமா?' அதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. நல்ல கறுப்புப் பேனா. அதே அட்டையின் முதுகில் அவன் பெயரைச் சாவு மையில் அடித்து வைத்திருக்கிறார் இந்த மனிதர்.

சைக்கிளை எடுத்தேன். பின்னாலேயே அவரும் வந்தார். மலையிலிருந்து இறங்கும் வறட்டுக் காற்று எதிரே தள்ளியது. பெட்டியில் அடுத்து எடுக்கும் நேரம் நான்கு பத்து என்று போட்டிருந்தது. நாற்பது நிமிடம் அந்தச் சிவப்புப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அட்டை போட வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துப் பயந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

"உட்காரேன் கினு."

"நீங்க பேசாதீங்க."

வண்டியில் வந்த தபால்காரர் பையை மாற்றிக்கொண்டே சொன்னார். "இங்க வச்சுக் குடுக்க முடியாதும்மா. உங்க அட்டைதான்னு எனக்கு எப்படித் தெரியும்? பெரிய ஆபீஸுக்கு வாங்க, அடையாள அட்டையோட. எழுதிக் குடுத்தா எடுத்துத் தருவாங்க."

பெரிய ஆபீஸில் படிவம் எழுதினேன், காத்திருந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். கடைசியில் கவுன்டர்க்காரப் பெண் கட்டைக் கொண்டுவந்தாள். அதைச் சுற்றி நீல ரப்பர் பாண்ட், கடையில் வெங்காயத்தாளைக் கட்டிக் கொடுத்தது. அதைக் கூட வீணாக்காத மனிதர். பிரித்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இரண்டாவது முறையும் தள்ளினேன். இசாமு இல்லை.

"அண்ணனோடது எங்க?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "அதை முந்தாநாளே தனியாப் போட்டுட்டேன். இங்க் மாத்தினதும் முதல்ல அதைத்தான் அடிச்சேன். உடம்பு முடியாதவர், அங்க பனி வேற. லேட்டாயிடக் கூடாதேன்னு நினைச்சேன்."

அக்கறையோடு செய்தவரை எப்படித் திட்டுவது? அதுவே இன்னும் கோபமாக வந்தது.

"நாகஓகா போய்ச் சேர்ந்திருக்கும்மா," என்றாள் அந்தப் பெண். "ஒண்ணாம் தேதிக்காகக் கட்டுக் கட்டா வச்சிருப்பாங்க. கேட்டுப் பாக்கறோம். கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

வாசலுக்கு வந்து சைக்கிள்கள் நடுவில் நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். நான்கு தடவை அடித்த பிறகு எடுத்தான்.

"யாரு?"

"கினு."

"யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல. நீயும் சாகப் போறதில்ல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"என்ன உளர்றே?"

சொன்னேன். கம்பெனி இங்க், வெளி இங்க், இலவசக் கறுப்பு, பிரிண்டர் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். "உன் பேரு சாவு உறை மாதிரி வரும்ணே. நான் வேணும்னு பண்ணல. தயவு செஞ்சு அதப் பாக்காதே."

அந்தப் பக்கம் ஏதோ விக்கல் போலக் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தான். "நோரியோ இன்னும் மாறலையா? ஐயோ, சிரிக்க வைக்காதே, தையல் இழுக்குது." பிறகு சிரிப்பு நின்றது. "உனக்கும் ஒண்ணு வரும். போட்டாச்சு. இனிமே அட்டை போடறத நிறுத்திக்கிறேன்னு எல்லாருக்கும் அச்சடிச்சு அனுப்பியிருக்கேன்."

"எனக்குமா?"

"லிஸ்ட்ல நீயும் இருந்தே. அமுக்கிட்டேன்."

"ஏன் நிறுத்தறே?"

"அடுத்த டிசம்பர் பத்தி டாக்டர் வாயே திறக்க மாட்டேங்கறார்."

பக்கத்தில் நோரியோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கேடுகெட்ட மை பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

"அட்டையில என்ன எழுதியிருக்கே?" என்று அண்ணன் கேட்டான்.

"வசந்தத்துல வரட்டுமான்னு."

"வசந்தமா?" என்றான். "அதுக்கு முன்னாடி லீவு கிடைக்காதா?"

வருடக் கடைசி வேலை முடியும் வரைக்கும் லீவு கிடையாது என்றார் மேனேஜர். ஏழு நாள் நான் எதைப் பொரித்தேன், எதைக் கருக்கினேன் என்று தெரியாது. நோரியோ மறுநாளே கம்பெனி இங்க் வாங்கிவந்து, மீதி அட்டைகளுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு அடித்து ஒட்டினார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அட்டை கிடைக்கவில்லை என்று தபால் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

முப்பத்தொன்று இரவு நாகஓகா போய்ச் சேர்ந்தேன். அண்ணன் பாதியாகியிருந்தான். அண்ணி தோமிகோ வருடக் கடைசி இரவுக்குரிய நூடுல்ஸ் வைத்தாள். அவன் நான்கு இழை தின்றான், நான் மிச்சத்தைத் தின்றேன். ஆஸ்பத்திரி, அம்மா, திதி, எதையும் யாரும் எடுக்கவில்லை. தூங்காமல் புரண்டு கிடந்தேன். பொழுது விடிந்ததிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று நூறு தடவை ஜன்னலுக்குப் போனேன். தபால் வந்ததும், அண்ணன் கைக்குப் போவதற்குள் அந்த அட்டையை எடுத்துக் கிழித்துவிட வேண்டும்.

பத்து மணிக்குக் கழிவறைக்குப் போனேன், அந்த ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. திரும்பி வந்தால் அண்ணன் பஞ்சுக் கோட்டோடு மேசை முன் உட்கார்ந்திருந்தான். கட்டைப் பிரித்து, என் அட்டையை மட்டும் எடுத்து முன்னால் வைத்திருந்தான். இசாமு என்ற பெயர் புகை மாதிரித் தெரிந்தது.

"குடுண்ணே அதை."

"இரு."

இழுப்பறையைத் திறந்து தூரிகைப் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றி, பேனா நல்ல கறுப்புதானா என்று செய்தித்தாள் ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தான். பிறகு குனிந்து, தன் பெயர் மேலேயே ஒவ்வொரு கோடாக எழுதத் தொடங்கினான். கை நடுங்கியதில் கோடுகள் வெளியே போயின. நான் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டான்.

எழுதி முடித்து அட்டையை என் பக்கம் திருப்பினான். "பாரு, கறுப்பா இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

"காயட்டும். தொடாதே," என்று சொல்லி, அட்டையைக் கணப்பு அடுப்புப் பக்கம் தள்ளி வைத்தான்.