அப்பாசாமி முறுக்கிய கண்ணாடிகள்

மலைமேல் செம்மேட்டில் விடிந்ததும் அப்பாசாமி, வேனில் பின்னால் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மலை பார்க்க வருகிறவர்கள் உள்ளேயே படுத்துக்கொள்ள, பின்னால் கட்டிலும் அடுப்பும் வைத்து மாற்றிய பழைய வண்டி அது. எண்பத்தெட்டில் சாவியை வாங்கியதிலிருந்து பதினோரு வருஷமாக அவர்தான் டிரைவர்.

கண்ணாடித் தண்டைப் பிடிக்கும் கிளாம்பு தேய்ந்துபோயிருந்தது. ஒரு குழி வந்தால் போதும், கண்ணாடி தலை தொங்கி ரோட்டைப் பார்க்கும். மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை கேட்டும் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் வேன் சுவரில் உரசிய சேதி மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

"ஆடுனது கண்ணாடியா, மங்குனது உன் கண்ணான்னு இன்னிக்கு எறங்கறப்பத் தெரிஞ்சுரும். அப்புறம் உன் வேலையப் பத்திப் பேசிக்கலாம்" என்றார் முதலாளி.

"பாருங்க. நல்லாவே பாருங்க."

சைக்கிள் டியூபை விரலகலம் வெட்டித் தண்டில் சுற்றி, கிளாம்பை மாட்டி, ஒரு நட்டுக்கு இரண்டு நட்டாகப் போட்டார். முழுக்க முறுக்குமுன் சீட்டில் ஏறிப் பார்ப்பார். இறங்கி மயிரிழை திருப்புவார். மறுபடி ஏறுவார். பின்சக்கரமும் ரோட்டோரமும் சேர்ந்து தெரியும்வரை விடவில்லை. வலப்பக்கமும் அப்படியே. நெட்டை மனுஷர், அவர் உயரத்துக்கு அவ்வளவு கச்சிதம்.

முதலாளி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். அடிவாரம்வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில், எதிரே ஏறிய பஸ்ஸுக்காக வேனைப் பின்னுக்கு எடுக்க வேண்டிவந்தது. சுவருக்கும் வேனுக்கும் ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாண் கண்ணாடியில் துளி நடுக்கமில்லாமல் நின்றது. பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அப்பாசாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அடிவாரத்தில், காரவள்ளி டீக்கடையில், ஒரு வாலிபன் துணிப்பையோடு காத்திருந்தான்.

"இவன் விமல்ராஜ். புது டிரைவர். முந்தாநாளே வரச் சொல்லியாச்சு. சாவியக் குடு அப்பாசாமி."

"அப்ப இன்னிக்கு என்னத்தைங்க பாத்தீங்க?"

"வண்டிய எறக்க ஆள் வேணுமல்ல?"

அப்பாசாமி தோள்துண்டால் இரண்டு கண்ணாடிகளையும் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். விமல்ராஜ் குள்ளம். சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தான். இரண்டு கையாலும் தள்ளினான்.

"ஏனுங்ணா, அசையவே மாட்டேங்குதுங்களே?"

"அசையாது கண்ணு. பதினாலாம் நம்பர் ஸ்பேனர் வேணும். அது என்ற சொந்த ஸ்பேனரு." அப்பாசாமி ஸ்பேனர் இருந்த தன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நேரமாச்சு, எடுப்பா" என்றார் முதலாளி.

வேன் நகர்ந்தது. விமல்ராஜ் சீட்டிலிருந்து எம்பி, கழுத்தை நீட்டி, அப்பாசாமியின் கண் இருந்த உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோய்ப் பின்னால் பார்த்தான்.