நாலு மணிக்குள் ஒரு புள்ளி

அன்று பிற்பகல் ஸ்டூடியோவின் பின்னறையில் தையல்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டூடியோ அவளுடைய அண்ணிக்குச் சொந்தம். அண்ணி நெகட்டிவைச் சட்டத்தில் பொருத்தி ஸ்கேனருக்குள் வைத்தாள். இயந்திரம் முனகத் தொடங்கியது.

“கொஞ்சம் உக்காரேன். நீ நடக்குற நடையில மேசையே ஆடுது. படம் கலங்கினா என்னைத்தான் திட்டுவே.”

“மணி என்ன அண்ணி?”

“இப்பத்தானே கேட்டே? அப்பவும் மூணு, இப்பவும் மூணு.”

திரையில் படம் மேலிருந்து கீழாக விரிந்தது. ஊர் விளக்குகள் எட்டாத ஒரு மேட்டில், தொலைநோக்கியை விட்டுக் கண்ணெடுக்காமல் ஐம்பது நிமிடம் காத்திருந்து, வானம் பார்ப்பதில் பித்துக்கொண்ட தையல்காரி எடுத்த படம். நடுவில், சுழித்த பால் நுரைபோல ஒரு விண்மீன் மண்டலம். அதன் ஓரத்தில் ஒரு புள்ளி. சென்ற ஆண்டுப் படத்தில் அந்தப் புள்ளி இல்லை. அது வெடித்த விண்மீனாக இருந்தால், முதலில் கண்டவள் என்று அவள் பெயர் பதிவாகும். நான்கு மணிக்கு அவள் சேர்ந்திருக்கும் வானியல் சங்கத்தின் செயலாளர் வாராந்தர அறிக்கையை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவார். இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் வேறு யாரேனும் முந்திக்கொள்வார்கள்.

ஆனால் நெகட்டிவில் வானம் வெளுப்பு, விண்மீன் கறுப்பு. அதில் ஒட்டிய தூசியும் கறுப்பு. கணினி நிறத்தைத் திருப்பிப் போட்டதும் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் ஆரவாரமாக அறிவித்த புது விண்மீன், கழுவிய படச்சுருள் உலரும்போது அதிலேயே பதிந்துவிட்ட தூசியாகப் போயிற்று. அன்று முதல் சங்கத்தில் அவள் ‘தூசி மகாராணி’.

இலையின் நிழலை மீன் என்று நம்பிப் பாய்ந்து பாறையில் அலகை முட்டிக்கொண்ட மீன்கொத்தி ஒன்று, பிறகு மெய்யான மீன் துள்ளியபோதும் கிளையை விட்டு நகரவில்லையாம். அவள் நிலையும் அதுவே.

அண்ணி நெகட்டிவை வெளியே எடுத்து, ரப்பர் குமிழால் தூசியை ஊதிவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்தாள். புள்ளி அசையவில்லை.

“போகலையே. அப்ப நட்சத்திரம்தான்.”

“போன தடவையும் இப்படித்தான் போகல.”

“அதே ராத்திரி இன்னொரு படம் எடுப்பியே, அது எங்கே?”

தையல்காரியின் முகம் சுருங்கியது. “அது வேண்டாம் அண்ணி. பாதியில கண்ணசந்து முழங்காலால ஸ்டாண்டை இடிச்சுட்டேன். மானம் போயிடும்.”

“எங்கிட்ட என்ன மானம்? உங்கண்ணன் குறட்டையையே இருபது வருஷமா கேக்குறேன். கொடு இங்கே.”

அடுத்த படம் விரிந்தது. இடித்ததில் தொலைநோக்கி சற்றே நகர்ந்துவிட்டதால், எல்லா விண்மீனும் இரண்டிரண்டாகப் பதிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம், ஒரே தொலைவில், ஓர் இணை.

“ஐயே, வானம் பூரா இரட்டைப் பிள்ளையா!” என்று சிரித்த அண்ணி, மண்டலத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினாள். சிரிப்பு நின்றது. “இங்க வா. இதுவும் ரெண்டு.”

தையல்காரி திரையோடு மூக்கு ஒட்டும்படி குனிந்தாள். புள்ளி, வலப்பக்கம், அதே தொலைவில், அதன் இணை. தூசியாக இருந்தால் இந்தப் படத்தில் அதே இடத்தில் வந்திருக்காது. வந்தாலும் ஒற்றையாகத்தான் நின்றிருக்கும்.

நெடுநேரம் அவள் கை விசைப்பலகைக்கு மேலேயே தயங்கியது. இந்தப் படம் இல்லாமல் யாரும் நம்பப் போவதில்லை; இதை அனுப்பினால் ஊரே சிரிக்கும். மூன்று ஐம்பதுக்கு இரண்டு படங்களையும் அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

“என்னம்மா, மறுபடியும் தூசியா?” செயலாளர் குரலில் நமுட்டுச் சிரிப்பு.

“ரெண்டாவது படத்தைப் பாருங்க சார்.”

“இது என்ன, எல்லாம் ரெட்டை ரெட்டையா இருக்கு?”

“தூங்கி விழுந்து ஸ்டாண்டை இடிச்சுட்டேன். அந்தப் புள்ளி மட்டும் எத்தனைன்னு எண்ணுங்க.”

மறுமுனையில் தொண்டையைச் செருமும் ஓசை.

“ரெண்டு இருக்கு... சரி, சேர்த்துடறேன். ஆனா இந்தப் படத்தையும் வெச்சுத்தான் அனுப்பணும். ஆய்வகத்துல சிரிப்பாங்கம்மா.”

“தாராளமா சிரிக்கட்டும். நீங்க மணியைப் பாருங்க சார், அனுப்புங்க!”