திர்சாவை அடக்கம் செய்த வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர் யூதப் பெண்களில் எவர் இறந்தாலும் உடலைக் கழுவி வெள்ளுடை உடுத்துவோர் நாங்கள் நால்வர். அந்நால்வருள் ஒருத்தியான திர்சா வியாழனன்று மாரடைப்பால் இறந்தாள். மறுநாள் பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள். அதற்குள் அடக்கம் முடிந்தாக வேண்டும். அவள் கணவர் ஹெர்ஷல், தம் பெற்றோரின் கல்லறையருகே இருவருக்குமாக இடம் வாங்கியிருந்தார்.

கழுவும் அறையின் வாசலில் எங்கள் மதகுரு, ரபி கிராட்ஸ்டைன், அவரை நிறுத்தினார். திர்சா பிறப்பால் யூதப் பெண் அல்லள். சீர்திருத்தப் பிரிவு ரபி ஒருவரிடம் மதம் ஏற்றவள். கல்லறைத் தோட்டமோ அந்த மதமாற்றத்தை ஏற்காத வைதிகப் பிரிவினருடையது.

"வேலிக்கு அந்தப் பக்கம் சீர்திருத்தப் பிரிவுக்காரங்க இடம் இருக்கு, ஹெர்ஷல். பேசிட்டேன்."

"ஒரு நோன்பு விடாதவ அவ. பசி தாங்காம சமையலறையில ஒளிஞ்சு தின்னவன் நான். என்னை எங்க புதைப்பீங்க?"

"உங்க அம்மா யூதப் பெண். நீங்க உள்ளதான்."

"தின்னதுக்குப் பரிசா?"

எங்களுள் மூத்தவளான பெய்லா குறுக்கிட்டாள். "ரபி, உங்க அம்மாவக் கழுவினப்ப தலையத் தாங்கினது திர்சாதான். அவ யூதப் பெண் இல்லேன்னா அந்தக் கழுவல் செல்லுமா? தோண்டி எடுத்து மறுபடி கழுவட்டுமா?"

"அதக் கேக்காதீங்க, பெய்லா. படுத்த படுக்கையா இருந்த எங்கம்மாவுக்கு சூப் ஊட்டினவ அவ. எனக்குத் தெரியாதா? நான் சரின்னா என்னைத் தூக்கிட்டு இன்னொரு ரபியைக் கொண்டுவருவாங்க. அவரும் இதையேதான் சொல்வாரு."

"எங்க முறைப்படி கழுவவாவது விடுவீங்களா?" என்று நான் கேட்டேன்.

"நான் எதையும் பாக்கல," என்று அவர் திரும்பி நின்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு, இடையில் அறுபடாத ஒரே தாரையாக நீரூற்றிக் கழுவி, உடுத்தி முடித்தோம். முடிவில், எங்கள் கையால் நேர்ந்த குறைகளுக்காக இறந்தவரைப் பெயர் சொல்லியழைத்து மன்னிப்புக் கேட்பது முறை. மதம் ஏற்றவளை ஆபிரகாமின் மகள் என்றே அழைக்க வேண்டும். பெய்லா அப்படியே, வெளியில் நிற்பவருக்கும் கேட்கும்படி அழைத்தாள். கழுவியதில் குறை இருந்திருப்பின் மன்னிக்கும்படி வேண்டினாள். பிறகு நிறுத்தினாள். இனி நடக்கப்போவதற்கு மன்னிப்புக் கேட்க எங்களிடம் வாசகம் இல்லை.

பெட்டியைத் தூக்கியவர்கள் தோட்டத்து வாயிலுக்குள் நுழையாமல் அதைத் தாண்டி, வேலியோரமாகவே நடந்தார்கள். ஹெர்ஷல் வாயிலருகே நின்றுவிட்டார்.

"எனக்கும் அந்தப் பக்கமே இடம் கேளுங்க, ரபி."

"உங்க அப்பா அம்மா இங்க இருக்காங்களே," என்றார் ரபி.

ஹெர்ஷல் உள்ளே ஒருமுறை பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் அவர் கையைப் பிடித்து, பெட்டியின் பின்னே நடத்திச் சென்றோம்.